பத்தாவது நிமிடத்தில் நிறுத்திய பப்பாயின்

போன வியாழக்கிழமை மதியம் ரத்தச் சோதனை டியூப் பதினொன்றில் மூன்று மட்டும் நாலு பிளஸ்ஸில் (செல்கள் எவ்வளவு கெட்டியாக ஒட்டுகின்றன என்பதற்குப் போடும் மதிப்பெண், நாலுதான் உச்சம்) கட்டியாக நின்றன. மற்ற எட்டும் விரலால் லேசாகத் தட்டியதும் ஆடிப் புதுத்தண்ணீர் மாதிரி சிவப்பாகக் கலைந்துவிட்டன. பக்கத்தில் இருந்த லேப் அக்காவிடம் காட்டினேன். "அதான் நீ அஞ்சு வாரமா உருட்டினியே, அதுவா?" என்றார். அதேதான்: பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற என்சைமை நாங்களே தயாரித்தது.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மூன்று பேர், ஒரு மேஜை சென்ட்ரிஃப்யூஜ், ஒரு வாட்டர் பாத், பிளாஸ்மாவுக்கு மைனஸ் 30 ஃப்ரீசர் ஒன்று, அவ்வளவுதான். சித்திரையில் டயாலிசிஸில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு ரத்தம் கேட்டு வந்தார்கள். ஓ பாசிட்டிவ். ஏற்கெனவே பல முறை ஏற்றிக்கொண்டவர். கூம்ப்ஸில் (செல்லில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டும் சோதனை) கிராஸ் மேட்ச், அதாவது அவருடைய பிளாஸ்மாவோடு ஏற்றப்போகும் ரத்தத்தின் செல்லைக் கலந்து பார்ப்பது, போட்டால் முதலில் எதுவும் ஒத்துப்போகவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த ஓ பாசிட்டிவ் பதினேழையும் போட்டுத்தான் இரண்டு யூனிட் எடுத்தோம். ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது.

அடுத்த நாள் பதினோரு செல் பேனல் போட்டேன். பேனல் என்பது மேற்பரப்பு அடையாளங்கள் (ஆன்டிஜென்) முன்பே தெரிந்த பதினோரு பேரின் சிவப்பணு. எட்டு பாசிட்டிவ். அதில் மூன்று செல் இரண்டு பிளஸ், மீதி ஐந்தும் ஒரு பிளஸ்தான். அவருடைய சொந்த செல்லோடு நெகட்டிவ். பிறர் ரத்தத்தை எதிர்க்கும் ஒரே ஆன்டிபாடி என்றால் இப்படி மேடும் பள்ளமுமாக வராது. இரண்டு கலந்து நிற்கிறது என்பது தெரிந்தது. எந்த இரண்டு என்பதுதான் தெரியவில்லை.

இதைப் பிரிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. பேனல் செல்லைப் பப்பாயினில் ஊற வைத்து மறுபடி போடுவது. சிவப்பணுவின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் சில புரதங்களைப் பப்பாயின் மொட்டையடித்துவிடும். அவற்றின் மேல் இருக்கும் எம், என், பெரிய எஸ், டஃபி-ஏ, டஃபி-பி ஆன்டிஜென்கள் எல்லாம் அதோடு போய்விடும். ஆர்.எச். குடும்பமும் (டி, பெரிய ஈ, சின்ன சி எல்லாம் இதில்தான்) கிட் என்ற வகையும் போகாது. மொட்டையடித்த செல்கள் நெருங்கி வருவதால் இவற்றுக்கான ஆன்டிபாடி முன்பைவிடப் பலமாகப் பிடிக்கும். கெல் என்ற வகைக்கு ஒன்றும் ஆகாது. இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி சென்ட்ரிஃப்யூஜுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பதிவுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

ரெடிமேட் பப்பாயின் விலை கேட்டேன். கூரியரோடு பத்து மில்லி ஆறாயிரத்துச் சொச்சம், வர மூன்று வாரம், காலாவதிக்கு மூன்று மாதம். எங்களுக்கு இப்படிப்பட்ட கேஸ் வருஷத்துக்கு நாலைந்துதான் வரும். டாக்டரிடம் நாமே செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். "செஞ்சு பாரும்மா. கண்ட்ரோல் எல்லாம் என் முன்னாடி காட்டு. அதுக்கு முன்னாடி எந்த பேஷண்ட் ரிப்போர்ட்லயும் இது வரக்கூடாது" என்றார்.

முதல் கிறுக்குத்தனம் என்னுடையது. வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் நிற்கும்போது பப்பாயினை ஏன் காசு கொடுத்து வாங்குவது என்று தோன்றியது. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் எங்கள் வீட்டில் பப்பாளிக்காய் ஒரு துண்டு போடுவார்கள். கறியைப் பூவாக்குவதும் இதே சாமான்தானே?

காலை ஆறு மணிக்கு நாலு பச்சைக் காயில் புது பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறினேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போதும். பால் சொட்டுச் சொட்டாக வந்து பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்தேன். எடை போட்டால் ஒன்பது கிராம். "கையுறை போடுடி, தோலு உரிஞ்சிடும்" என்று அம்மா சொன்னதைக் கேட்காததால் இடது கட்டைவிரல் ஒரு வாரம் எரிந்தது. பாலை வெயிலில் காய வைத்தது அடுத்த தப்பு. மதியத்துக்குள் பழுப்பாகிவிட்டது. இரண்டாம் முறை லேப் ஓவனில் 50 டிகிரியில் கண்ணாடித் தட்டில் காய வைத்தேன். வெள்ளையாக, நொறுங்கும் பக்குவத்தில் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கரைத்து வடிகட்டி செல்லில் ஊற்றினேன். பத்தாவது நிமிடம் டியூபைத் தூக்கிப் பார்த்தால் மேலே இருக்கும் தண்ணீர் செர்ரி நிறம். செல் உடைந்துவிட்டது. பத்து மடங்கு நீர்த்துப் போட்டேன், சரியாக வந்தது. மறுநாள் அதே நீர்த்தலில் பாதி வேலைதான் செய்தது. மூன்றாம் நாள் வேறு காயின் பாலில் மறுபடி செர்ரி. காய்க்குக் காய், நாளுக்கு நாள் வீரியம் மாறுகிறது. பாலில் பப்பாயின் மட்டும் இல்லை, கூடப் பிறந்த வேறு என்சைம்களும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலையின் கோ 5 மாதிரி பப்பாயினுக்கென்றே வளர்க்கும் ரகம் இருக்கும்போது கொல்லை மரத்தை நம்பியது என் ஆசை. குழம்புக்கு ஒத்துவரும், டெஸ்டுக்கு ஆகாது. பத்து நாள் போயிற்று.

அப்புறம் லேப் தரப் பவுடர் வாங்கினேன். நூறு கிராம் டப்பா 1,850 ரூபாய். பப்பாயினை உசுப்பிவிடும் சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு 25 கிராம் 940. ஒன்றரை மில்லி மூடி போட்ட வயல் (சின்னக் குப்பி) ஐந்நூறு, 450. பஃபருக்கு (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) வேண்டிய உப்புகள் இருந்தன. மொத்தம் 3,240. இதில் நான் ஒரு தடவைக்குச் செலவழித்த பப்பாயின் அரை கிராம்தான். மீதி 99.5 கிராமும் ஃப்ரிட்ஜுக்குப் போனது. இதைவிடச் சின்ன டப்பா கிடைக்கவில்லை.

செய்முறை 1955 வாக்கில் லோ என்பவர் சொன்னது. இன்றும் அதைத்தான் லேப்களில் கொஞ்சம் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். நான் கால் பங்கு அளவில் செய்தேன். பஃபருக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் லிட்டருக்கு 9.08 கிராம், டைசோடியம் பாஸ்பேட் (தண்ணீர் இல்லாத உப்பு) லிட்டருக்கு 9.47 கிராம், இரண்டையும் தனித்தனியாகக் கரைத்தேன். முதலாவதில் 97 பங்கும் இரண்டாவதில் 3 பங்கும் கலந்தால் பி.எச். 5.4-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மீட்டரைப் பார்த்துச் சொட்டு விட்டுச் சரி செய்ய வேண்டும். எனக்கு முதல் முறை 6.1 காட்டியது. அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு பார்த்தால், உதவிக்கு வந்த பையன் டபுள் டிஸ்டில்டு தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். அவனைத் திட்டவில்லை. இரண்டு கேனும் ஒரே நீல நிறம், பெயர் ஒட்டாதது நான்.

பவுடரை அளக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். பப்பாயின் தூசி மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமா மாதிரி இழுக்கும். நான் கவசம் போட்டும் ஏழு தும்மல் தும்மினேன். ஃபேனை நிறுத்த மறந்ததுதான் காரணம்.

அரை கிராமைப் பீங்கான் கல்வத்தில் போட்டு, பஃபரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து 25 மில்லி ஆக்கினேன். கால் மணி நேரம் அப்பப்போது ஆட்டி, வடிதாளில் வடித்தேன். மோர்த்தண்ணீர் போல வந்தது, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியதும் தெளிந்தது. சிஸ்டீன் 0.44 கிராமை 5 மில்லியில் கரைத்து அதில் இரண்டரை மில்லி சேர்த்தேன். அழுகல் முட்டை வாசம், கேன்டீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு பஃபரால் 50 மில்லி ஆக்கி, வயலுக்கு ஒரு மில்லி வீதம் 46 வயல் ஊற்றினேன். சிந்தியதும் டியூபில் ஒட்டியதும் நாலு மில்லி. ஒரு வயலை உருக்கினால் அன்றே தீர்க்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. அதனால்தான் ஒரு மில்லி.

இதுவரை சமையல். இதன் வீரியத்தைக் கண்டுபிடிப்பதுதான் நிஜ வேலை, அதற்குத்தான் இரண்டரை வாரம் ஆனது.

மூன்று சாட்சிகள் வேண்டும், டாக்டர் கேட்ட கண்ட்ரோல் இதுதான். பலமாக வேண்டிய ஒன்று, காணாமல் போக வேண்டிய ஒன்று, எதுவுமே செய்யக் கூடாத ஒன்று. பலமாவதற்கு ஆன்டி-டி. தாய்மார்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசியில் மிஞ்சியதை, சாதாரண செல்லோடு 37 டிகிரியில் நேரடியாக ஒன்றும் காட்டாத அளவுக்கு இரட்டை இரட்டையாக நீர்த்துக்கொண்டேன். காணாமல் போவதற்கு ஆன்டி-டஃபி-ஏ வாங்கலாம், ஒரு பாட்டில் விலை பப்பாயினை விழுங்கிவிடும். முன்பு ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆன்டி-எம் இருந்தது. மிச்சம் இருந்த அவருடைய பிளாஸ்மாவை டாக்டர் சொல்லி ஃப்ரீசரில் வைத்திருந்தோம், அதை எடுத்தேன். எதுவும் செய்யாத சாட்சிக்கு ஏ.பி. குரூப் டோனர் ஒருவரின் பிளாஸ்மா.

ஓ பாசிட்டிவ், எம் உள்ள செல்லை மூன்று முறை கழுவிக் கெட்டியாக எடுத்தேன். வயலில் இருக்கும் ஒரு சதவீதப் பப்பாயினில் ஒரு பங்குக்கு, பி.எச். 7.3 சலைன் ஒன்பது பங்கு. அந்த நீர்த்தலும் கெட்டிச் செல்லும் சம அளவு. நாலு டியூப்: 5, 10, 15, 30 நிமிடம். நேரம் முடிந்ததும் குளிர்ந்த சலைனை முழுக்க ஊற்றி உடனே கழுவ வேண்டும். நிதானமாகக் கழுவினால் அந்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். சுவர்க் கடிகாரத்தை நம்பி முதல் முறை கெடுத்தேன், பிறகு போனில் நாலு அலாரம் வைத்தேன்.

முதல் சுற்றில் ஏ.பி. பிளாஸ்மா நாலு டியூபிலும் இரண்டு பிளஸ். ஐந்து நிமிட டியூபிலும்கூட! வீரியம் அதிகம் என்று நினைத்து இருபது மடங்கு நீர்த்தேன். அதே. பஃபரைப் புதிதாகச் செய்தேன். அதே. சலைனை மாற்றினேன். அதே. இரண்டு நாள் இப்படியே போனது. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வந்தவர் டியூபைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்த பிளாஸ்மா யாருது?"

வேறு மூன்று ஏ.பி. டோனர்களின் பிளாஸ்மா எடுத்துப் போட்டேன். மூன்றும் சுத்த நெகட்டிவ். முதல் டோனருக்கு என்சைம் பட்ட செல்லை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி இருந்திருக்கிறது. சிலருக்கு இப்படி உண்டு, அதனால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு எனக்குத்தான். இப்போது ஆறு பேர் பிளாஸ்மாவைத் தனித்தனியாகச் சரிபார்த்து, பெயருக்குப் பதில் எண் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் கணக்கு தெளிவாக வந்தது. ஐந்து நிமிடத்தில் ஆன்டி-டி ஒரு பிளஸ், ஆன்டி-எம் இன்னும் ஒரு பிளஸ் மிச்சம். பத்தில் ஆன்டி-டி மூன்று பிளஸ், எம் பூஜ்யம், ஏ.பி. பூஜ்யம். பதினைந்தில் ஏறக்குறைய அதே. முப்பதில் ஏ.பி. பிளாஸ்மாவிலேயே லேசான மணல் போலச் சின்னச் சின்னக் கட்டிகள், உருப்பெருக்கியில்தான் தெரிகிறது. இந்தத் தயாரிப்புக்குப் பத்து நிமிடம். வயல் மூடியில் '10' என்று எழுதினேன். ஐந்தில் நிறுத்தியிருந்தால் போக வேண்டியது பாதி நிற்கும், முப்பதில் விட்டால் இல்லாத ஆன்டிபாடி இருப்பது போல வரும். மூன்று நாள் மூன்று வயல் உருக்கி, மூன்று முறையும் இதே பதில் வந்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மா ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தார். ஹீமோகுளோபின் 6.2. பேனல் செல்களைப் பத்து நிமிடம் ஊற வைத்து, கழுவி, அவருடைய பிளாஸ்மாவோடு 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துச் சுற்றினேன். மேலே சொன்ன அந்த வியாழக்கிழமை மதியம் இதுதான். இரண்டு பிளஸ்ஸில் இருந்த மூன்றும் நாலு பிளஸ் ஆயின. மூன்றிலும் பெரிய ஈ இருந்தது. அந்த மூன்றிலும் சின்ன சி-யும் உண்டே என்று ஒரு சந்தேகம் வந்தது. சின்ன சி இருந்து ஈ இல்லாத இரண்டு செல் பேனலில் இருந்தன, அவை பூஜ்யம். கிட் என்றால் பலமாகியிருக்க வேண்டும், கிட் உள்ள மற்ற செல்களும் பூஜ்யம். சரி, ஆன்டி-ஈ.

காணாமல் போன ஐந்தில்தான் அவசரப்படக் கூடாது. போனது டஃபி-ஏ-வா, எம்-மா, எஸ்-ஸா என்று பப்பாயின் சொல்லாது. மூன்றையும் அதே கத்தியால்தான் வெட்டுகிறது. பதில் பழைய, ஊற வைக்காத பேனலில்தான் இருக்கிறது. அந்த ஐந்து செல்லிலும் டஃபி-ஏ உண்டு. டஃபி-ஏ இல்லாமல் எம் மட்டும் இருந்த செல்லும் எஸ் மட்டும் இருந்த இரண்டு செல்லும் அன்றே நெகட்டிவ். ஆக, ஆன்டி-ஈ, கூட ஆன்டி-டஃபி-ஏ. சாம்பிளைப் பெரிய லேப் ஒன்றுக்கும் அனுப்பினோம், அங்கிருந்தும் இதே பதில் வந்தது. அது வரும் வரை ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

இதனால் யூனிட் எளிதாகக் கிடைத்ததா என்றால் உடனே இல்லை. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு டஃபி-ஏ உண்டு, அது இல்லாத ரத்தம் தேடுவது தேடல்தான். ஆனால் பதினேழு யூனிட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கிராஸ் மேட்ச் போட வேண்டியதில்லை. பெரிய வங்கிக்குப் போன் போட்டு 'ஈ-யும் டஃபி-ஏ-யும் இல்லாத ஓ' என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். எங்கள் வழக்கமான ஓ டோனர்களையும் டைப் பண்ணி வைக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை முப்பத்தொன்றில் மூன்று பேர் சிக்கியிருக்கிறார்கள். ஒருவர் திருவிடைமருதூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், கூப்பிட்டால் அரை மணியில் வந்துவிடுவார்.

நடுவில் டி.டி.டி.-யும் (டைதியோத்ரெய்டால் என்ற இன்னொரு ரசாயனம்) ஒரு முறை செய்தேன். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு டாராடுமுமாப் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் பிளாஸ்மா பேனலில் அத்தனை செல்லையும் பிடித்தது. அந்த மருந்து சிவப்பணுவில் கொஞ்சமாக இருக்கும் சி.டி. 38 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் வினை. டி.டி.டி. அந்தப் புரதத்தின் கந்தகப் பாலத்தை உடைத்துவிடும், கூடவே கெல்லையும் உடைத்துவிடும். டஃபிக்கும் கிட்டுக்கும் ஒன்றும் ஆகாது. பப்பாயினுக்கு அப்படியே தலைகீழ். ஒரு கிராமை 32 மில்லி பி.எச். 8.0 சலைனில் கரைத்து, செல் ஒரு பங்குக்கு நாலு பங்கு ஊற்றி, 37 டிகிரியில் 45 நிமிடம் வைக்க வேண்டும். நான் சோம்பேறித்தனமாக 7.3 சலைனிலேயே கரைத்தேன். சாட்சிக்குப் போட்ட சின்ன கே (கெல் குடும்பத்து ஆன்டிஜென்) இரண்டு பிளஸ்ஸில் அப்படியே நின்றது. 8.0-க்கு மாற்றியதும் பூஜ்யம். சின்ன கே நம்மில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருப்பதால் சாட்சி செல் தேட வேண்டியதில்லை, அது ஒரு வசதி. கெல் தெரியாமல் போய்விடுவதால் அவருக்குப் பெரிய கே இல்லாத யூனிட்டாகப் பார்த்துக் கொடுத்தோம்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டையில் இருக்கும் ஓர் என்சைம் பி குரூப் ஆன்டிஜெனை வெட்டி ஓ ஆக்கிவிடும். 1982-ல் அமெரிக்காவில் ஜாக் கோல்ட்ஸ்டீன் குழுவினர் அப்படி மாற்றிய ரத்தத்தைத் தன்னார்வலர்களுக்கு ஏற்றிப் பார்த்து எழுதினார்கள். டிகிரி காப்பிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஞாபகம் வரும். கொல்லை மரத்தில் சூடுபட்டவள் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த முறை மாற்றப் போவது சில. ஃப்ரீசரில் மேல் தட்டில் வைத்த பன்னிரண்டு வயல், ஒரு ராத்திரி மின்சாரம் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியதில் இளகிவிட்டன. கஜா அடித்த 2018 நவம்பரில் டெல்டாவில் பல ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் நடுவில் இருந்துகொண்டு நான் இப்படி வைத்தது மடத்தனம். இனி அடித்தட்டில், உறைந்த பிளாஸ்மாப் பைகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில். இரண்டாவது, ஒவ்வொரு பேனலோடும் எம் உள்ள செல் ஒன்றையும் ஏ.பி. பிளாஸ்மா ஒன்றையும் அன்றே கூடப் போடுவது. மூன்று நாள் முன்பு சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

நேற்று அதே டப்பாவிலிருந்து, அதே பஃபரில் இரண்டாவது தயாரிப்பு செய்தேன். நேரமும் அதே பத்துதான் வரும் என்று மூடியில் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டேன். பத்தாவது நிமிடத்தில் ஏ.பி. டியூபில் மணல். எட்டில்தான் சுத்தமாக வந்தது. 47 மூடியிலும் பத்தை அடித்துவிட்டு எட்டு எழுதியிருக்கிறேன்.